பச்சை வீட்டில் யாரும் விழுவதில்லை

எங்கள் வட்டாரத்தில் முதியவர்கள் அளவுக்கு மீறி விழுகிறார்கள் என்பது சுகாதார இயக்குநருக்கு ஒரு கூட்டத்தில்தான் தெரியவந்தது. தேநீர் இடைவேளையில் பக்கத்து வட்டாரத்து இயக்குநர் அவர் தோளில் தட்டி, "உங்க ஆளுங்க ரொம்ப விழறாங்களாமே" என்று கேட்டுவிட்டார். நம்மவருக்கு மானம் போயிற்று. கையில் எடுத்த பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டார் என்று கூடப் போனவர்கள் சொன்னார்கள். ஊர் திரும்பிய கையோடு வீழ்ச்சித் தடுப்பு இயக்கம் தொடங்கப்பட்டது.

விழுவது அதுவரை அவரவர் சொந்த விஷயமாக இருந்தது. விழுந்தால் வீட்டில் திட்டுவார்கள், தைலம் தேய்ப்பார்கள், அத்தோடு போயிற்று. இனிமேல் அப்படி இஷ்டத்துக்கு விழ முடியாது. தெருவுக்குத் தெரு பதாகை கட்டினார்கள். 'கீழே பார்த்து நடப்போம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, அதை ஆள் உயரத்துக்கு மேலே, படிக்கட்டு தொடங்கும் இடமாகப் பார்த்து மாட்டினார்கள். அண்ணாந்து அதைப் படித்துக்கொண்டே நடந்த தபால்காரர் ஒருவர் முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். அவர் முதியவர் இல்லை என்பதால் அந்த முட்டி கணக்கில் வரவில்லை. பதாகையும் அங்கேயே தொங்கியது.

இந்த இயக்கம் படியேறிப் படியேறி லிஃப்ட்காரர் வீட்டு வாசலுக்கும் வந்து சேர்ந்தது.

லிஃப்ட்காரர் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கி ஓய்வு பெற்றவர். இப்போது லிஃப்டே இல்லாத ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தனியாகக் குடியிருக்கிறார். வேலைக்காலம் முழுவதும் அவர் வாயிலிருந்து வந்த ஒரே கேள்வி "எந்த மாடி?" என்பதுதான். மிச்சப் பேச்சையெல்லாம் வீட்டில் அவர் மனைவி பேசிக்கொண்டார். படுக்கையறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு மர நாற்காலி. அந்த அம்மாள் அதில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு நாட்டையும் மாப்பிள்ளையையும் ஒருசேர வறுத்தெடுப்பார். நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. பேச்சில் சூடு ஏறி அவர் முன்னால் சாயும்போதெல்லாம் அது 'டக்' என்று தரையைத் தட்டும். ஒரு குற்றச்சாட்டுக்கு ஒரு டக். லிஃப்ட்காரர் அடுப்படியில் நின்றபடி, டக் வந்ததும் "ம், அப்புறம்?" என்பார். அதுதான் அவர்களுடைய குடும்பப் பேச்சு.

அந்த அம்மாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகும் நாற்காலி இடம் மாறவில்லை. காலையில் எழுந்து சமையலறைக்குப் போகும்போது அந்த இடத்துக்கு வந்ததும் லிஃப்ட்காரரின் வலது முட்டி மக்கர் பண்ணும். கை தானாகப் போய் நாற்காலியின் முதுகில் ஊன்றும். ஊன்றினால் ஒரு டக். அவர் வீட்டில் காலையில் கேட்கும் முதல் சத்தம் அதுதான், பெரும்பாலான நாட்களில் கடைசிச் சத்தமும் அதுவே. மகள் வெளியூரில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போனில், "சாப்பிட்டீங்களாப்பா, மருந்து போட்டீங்களாப்பா, சரிப்பா வெச்சிடறேன்" என்பாள். அவளைக் குறை சொல்ல முடியாது. கேட்பதற்கு அதற்குமேல் இவரிடமும் ஒன்றும் இல்லை.

ஒரு காலையில் கதவு தட்டப்பட்டது. மகள் வயதில் ஒரு செவிலியர், தோளில் பை, கழுத்தில் அடையாள அட்டை, மூச்சிரைப்பு.

"ஐயா, சுகாதார நிலையத்துலேர்ந்து வரேன். நீங்க விழுவீங்களா?"

"இதுவரைக்கும் இல்லம்மா. விழணுமா?"

"ஐயய்யோ, விழக்கூடாதுன்னு சொல்லத்தான் வந்திருக்கேன்."

சிஸ்டர் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். வாசல் மிதியடியின் ஓரம் சுருண்டிருந்தது. மின்விசிறி வயர் குறுக்கே கிடந்தது. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. பார்த்து முடித்ததும், "காலையிலேர்ந்து நின்னுட்டே இருக்கேன். கொஞ்சம் உட்காரலாங்களா ஐயா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நடுவில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

டக்.

அடுப்படியில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த லிஃப்ட்காரரின் கை அப்படியே நின்றுவிட்டது. வீட்டில் யாரோ இருக்கிறார்கள் என்று அவர் உடம்பு முழுக்கத் தெரிந்தது. அழுகை வரும்போல இருந்தது. அதை அடக்க அவர் சர்க்கரை டப்பாவை இரண்டு முறை திறந்து மூடினார்.

"இந்த நாற்காலி ஆடுதுங்களே?"

"ஆமாம்மா, அது ஆடும். ஆடலேன்னாதான் பயமா இருக்கும்."

சிஸ்டர் சிரித்தாள். தேநீரைக் குடித்தாள். விடுதியில் தன் அறைத்தோழி குறட்டை விடுவதைச் சொன்னாள், அம்மா போனிலேயே சண்டை போடுவதைச் சொன்னாள். சொல்லும்போது முன்னால் சாய்ந்தாள். லிஃப்ட்காரர் தன்னை அறியாமல் "ம், அப்புறம்?" என்றார். கிளம்பும்போது கதவில் சிவப்பு ஒட்டி ஒன்றை ஒட்டினாள். சிவப்பு என்றால் ஆபத்தான வீடு, வாரா வாரம் வந்து பார்ப்பார்கள். குறைகளைச் சொல்லிவிட்டுப் போனவள் நாற்காலியைப் பற்றி மட்டும் எதுவும் சொல்லவில்லை. உட்கார்ந்து எழுந்த நாற்காலியைக் குற்றம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது.

லிஃப்ட்காரர் சொன்ன பேச்சைக் கேட்கிற மனிதர். ஒரே வாரத்தில் மிதியடியை எடுத்தார், வயரைச் சுவரோரமாக ஆணியடித்து ஒதுக்கினார், ஆளைக் கூப்பிட்டுக் கம்பி பொருத்தினார். அடுத்த வாரம் சிஸ்டர் வந்து பார்த்து அசந்துபோனாள். சிவப்பைக் கிழித்துவிட்டுப் பச்சையை ஒட்டினாள்.

"சூப்பர்ங்க ஐயா! இனிமே நான் வரவே வேண்டியதில்ல!"

அவள் நிஜமான சந்தோஷத்தோடுதான் சொன்னாள். அன்றைக்கு அவளுக்கு உட்கார நேரமில்லை. லிஃப்ட்காரர் கையில் தேநீரோடு வாசலில் நின்றார். எல்லாவற்றையும் சரியாகச் செய்து முடித்ததற்கு இதுதான் பலன் என்பது அவருக்கு உறைக்க இரண்டு நாளாயிற்று.

மூன்றாம் நாள் அவர் இயக்கத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டார். ஒரு பதிவுக் குரல் பேசியது. 'நீங்கள் விழுந்திருந்தால் ஒன்றை அழுத்தவும். விழப்போவதாக உணர்ந்தால் இரண்டை அழுத்தவும். விழுந்தவரைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் என்றால் மூன்றை அழுத்தவும். வேறு காரணங்களுக்காக அழைத்திருந்தால், தயவுசெய்து தொடர்பைத் துண்டித்து, விழக்கூடிய ஒருவருக்கு வழிவிடவும்.' லிஃப்ட்காரர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இரண்டை அழுத்தினார். பிறகு ஓடிப்போய் மிதியடியைத் தேடி எடுத்து வாசலில் போட்டார். அதன் ஓரத்தைக் கையால் சுருட்டியும் விட்டார்.

அன்றிலிருந்து அவர் வாழ்க்கைக்கு ஒரு ஒழுங்கு வந்தது. விருந்தாளி வருகிறார் என்றால் மற்றவர்கள் வீட்டை ஒழுங்கு செய்வார்கள். இவர் கலைத்தார். ஒரு வாரம் வயர் குறுக்கே வந்தது. இன்னொரு வாரம் குளியலறைத் தரையில் சோப்பு நுரை. அடுத்த வாரம் பழைய பெட்டி ஒன்று நடைவழியில் வந்து நின்றது. சிஸ்டர் ஒவ்வொன்றையும் பார்த்தாள்.

"ஐயா, போன வாரம் இந்த வயர் சுவரோரமா இருந்துச்சே?"

"நகர்ந்துடுச்சும்மா."

"வயர் தானா நகருங்களா?"

"வயசான வயரும்மா. ஒரு இடத்துல இருக்காது."

அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிவப்பை ஒட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "நாள் முழுக்க நான் உட்கார்றது இங்க மட்டுந்தாங்க ஐயா" என்றாள். லிஃப்ட்காரர் தேநீர் வைக்கப் போனார். அவர் சந்தோஷமாக இருந்தார் என்று சொன்னால் மிகையில்லை.

ஆனால் ஒரு வீடு இத்தனை வாரம் சிவப்பாகவே இருந்தால் மேலே இருப்பவர்கள் சும்மா இருப்பார்களா? மேற்பார்வையாளர் தலைக்கவசம் போட்டுக்கொண்டு வந்தார். நடைவழியைப் பார்த்து அவர் கண் கலங்கிவிட்டது. "ஒரே வீட்டுல இவ்வளவா! பயிற்சிக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது" என்றார். மறுவாரமே அது 'மாதிரி ஆபத்து இல்லம்' ஆகிவிட்டது. சுகாதார ஊழியர்கள் அணி அணியாகப் படியேறி வந்தார்கள். மிதியடியைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். வயருக்கு மேலே அம்புக்குறி ஒட்டினார்கள். சிஸ்டர் கையில் ஒரு குச்சியோடு நின்று விளக்கம் சொன்னாள். உட்காரவில்லை, உட்கார அனுமதியும் இல்லை.

வீட்டுக்காரர் உள்ளே இருந்தால் விழுந்துவிடக்கூடும் என்பதால், அவரைப் படிக்கட்டு மேடையில் நிற்கச் சொன்னார்கள். "உங்க பாதுகாப்புக்குத்தாங்க பெரியவரே" என்றார் மேற்பார்வையாளர். லிஃப்ட்காரர் அங்கேயே நின்றார். யாராவது மேலே ஏறி வந்தால் பழக்கதோஷத்தில் "எந்த மாடி?" என்று கேட்டார். எல்லோரும் "மூணாவதுங்க" என்று சொல்லிவிட்டு அவரைத் தாண்டி அவர் வீட்டுக்குள் போனார்கள். அவர் வாழ்நாளிலேயே அவர் வீட்டுக்கு அத்தனை பேர் வந்ததில்லை, அவர் அவ்வளவு தனியாக நின்றதும் இல்லை.

கடைசியில் இயக்குநரே வந்தார், புகைப்படக்காரரோடு. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, படத்துக்கு நிற்பதற்காக அவர் நாற்காலியின் முதுகில் கையை வைத்தார். டக். இயக்குநர் துள்ளி விலகினார்.

"என்ன இது?"

"நாற்காலி சார்" என்றார் மேற்பார்வையாளர்.

"ஆடுதே!"

"ஆமா சார்."

"இவ்வளவு நாள் இது எப்படி யார் கண்ணுலயும் படல?"

எல்லோரும் சிஸ்டரைப் பார்த்தார்கள். அவள் குச்சியைப் பார்த்தாள். படிக்கட்டிலிருந்து லிஃப்ட்காரர் எட்டிப் பார்த்து, "சார், அது என் சம்சாரத்தோட நாற்காலி" என்றார்.

இயக்குநர் இரக்கத்தோடு அவர் பக்கம் திரும்பினார். "அவங்க எப்படிப் போனாங்க?"

"காய்ச்சல்ல சார்."

"விழுந்து இல்லையே?"

"இல்ல சார்."

"அப்ப ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்று இயக்குநர் நிம்மதியாகச் சொன்னார். நாற்காலியைச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோய், கூடத்தில் காட்சிக்கு வைக்க உத்தரவிட்டார். வீழ்ச்சித் தடுப்புக்காக வட்டாரத்துக்குக் கேடயம் கிடைக்கும் விழா நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் எல்லா வீடுகளும் பச்சையாக வேண்டும் என்பதால் மற்ற சாமான்களையும் அன்றைக்கே அப்புறப்படுத்தினார்கள். மிதியடி போயிற்று, பெட்டி போயிற்று, வழியில் இருந்த சின்ன மேசையும் போயிற்று. காலில் தடுக்க எதுவுமே இல்லாத வீட்டின் கதவில் சிஸ்டர் தன் கையாலேயே பச்சையை ஒட்ட வேண்டியிருந்தது. ஒட்டும்போது அவள் லிஃப்ட்காரரின் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை லிஃப்ட்காரர் எழுந்து சமையலறைக்கு நடந்தார். வழக்கமான இடத்தில் முட்டி மக்கர் பண்ணியது. வழக்கம்போலக் கை போயிற்று. அங்கே நாற்காலி இல்லை. வாழ்க்கையில் முதன்முறையாக அவர் விழுந்தார்.

விழுந்த பிறகு எழுந்திருக்கப் பார்த்தார். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. வீடு அவ்வளவு பாதுகாப்பாக இருந்தது. இடது மணிக்கட்டு வீங்கிக்கொண்டிருந்தது. நல்ல கையை ஊன்றி நகர்ந்து நகர்ந்து போய், தரையோரம் வைத்திருந்த போனை எடுத்து உதவி எண்ணைக் கூப்பிட்டு ஒன்றை அழுத்தினார். இந்த முறை மனுஷக் குரலே வந்தது.

"எந்த நிற வீடுங்க?"

"பச்சைம்மா."

"பச்சை வீட்டுல விழ முடியாதுங்களே."

"விழுந்துட்டேனேம்மா."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"தரையில."

"அப்ப 'தரையில் இருக்கிறார்'னு போட்டுக்கறேன். வேற ஏதாவது உதவி வேணுங்களா?"

"தூக்கி விட யாராவது வந்தா நல்லாருக்கும்."

"தூக்கறது சிவப்பு வீடுகளுக்கு மட்டுங்க. அழைத்தமைக்கு நன்றி."

அவர் தரையிலேயே கிடந்தார். நாற்காலி இருந்த இடத்தில் நான்கு கால்களின் தடங்களும் தெரிந்தன. குட்டைக்கால் தட்டித் தட்டி அங்கே மட்டும் தரை லேசாகக் குழிந்திருந்தது. அந்தக் குழியில் விரலை வைத்துக்கொண்டு, யாராவது வருவார்களா என்று படிக்கட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

வந்தது சிஸ்டர்தான். 'பச்சை வீடு, தரையில் இருக்கிறார்' என்று அலுவலகத்தில் யாரோ வேடிக்கையாகப் படித்ததைக் கேட்டு, படிகளில் ஓடி வந்திருந்தாள். அவரைத் தூக்கி உட்காரவைத்துக் கட்டுப் போட்டாள். எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டாள். அவர் காற்றில் கையை ஊன்றிக் காட்டினார். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவளும் தரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"விழுந்துட்டார்னு நான் எழுதப் போறேங்க ஐயா. என்ன ஆனாலும் சரி."

அவள் எழுதுவதற்குள் இயக்குநரும் மேற்பார்வையாளரும் வந்துவிட்டார்கள். உட்கார எதுவும் இல்லாததால் நின்றுகொண்டே பேச வேண்டியிருந்தது.

"பெரியவரே, நான் உங்களைக் கட்டாயப்படுத்தல" என்றார் இயக்குநர். "விழுந்தேன்னு சொல்லலாம், உங்க உரிமை. அப்ப பச்சை ஒட்டினது யாருன்னு மேலிடத்துல கேப்பாங்க. ஒட்டினவங்க வேலை போகும். பாவம், சின்னப் பொண்ணு." சிஸ்டரை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "நீங்க காலம் பூரா லிஃப்ட்ல இருந்தவர். மேலேர்ந்து கீழ போறதுக்கெல்லாம் விழறதுன்னா பேரு?"

"இல்ல சார்."

"பின்ன என்ன பேரு?"

"இறங்கறது."

"அவ்வளவுதான்!"

வேண்டாம் என்று சிஸ்டர் தலையாட்டினாள். லிஃப்ட்காரர் அவளைப் பார்த்தார். குறட்டை விடும் அறைத்தோழி, சண்டை போடும் அம்மா, நாள் முழுக்க நிற்கும் கால்கள் எல்லாம் அவருக்கு ஞாபகம் வந்தன.

"நான் விழல சார்" என்றார். "இறங்கினேன். ஆனா அந்த நாற்காலி எனக்குத் திரும்ப வேணும்."

விழா நன்றாக நடந்தது. லிஃப்ட்காரரை மேடையில் உட்காரவைத்து, கட்டு மறையும்படி பூங்கொத்தைப் பிடிக்கச் சொன்னார்கள். இயக்குநர் கேடயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பேசினார்.

"நண்பர்களே, இந்த வெற்றியின் ரகசியம் என்னவென்று பலரும் கேட்கிறார்கள். ஆராய்ந்து பார்த்தோம். குடும்பத்தோடு இருக்கும் முதியவர்கள் விழுந்தால் உடனே நமக்குத் தகவல் வந்துவிடுகிறது. தனியாக இருப்பவர்களிடமிருந்து அப்படித் தகவலே வருவதில்லை. அதாவது, தனியாக இருப்பவர்கள் விழுவதே இல்லை! ஆகவே நமது அடுத்த இலக்கு, முதியவர்கள் தனியாக வாழ்வதை ஊக்குவிப்பது."

கூட்டம் கைதட்டியது. அடுத்து, மாதிரி ஆபத்து இல்லத்தையே பச்சையாக்கிய சிஸ்டருக்கு மேற்பார்வையாளராகப் பதவி உயர்வு என்று அறிவித்தார்கள். அவள் திகைத்துப்போய் எழுந்து நின்றாள். லிஃப்ட்காரருக்கு நிஜமாகவே சந்தோஷம். கட்டுப் போட்ட கையால் கைதட்ட முடியாமல், நல்ல கையால் தொடையில் தட்டினார். மேற்பார்வையாளர்கள் வீடு வீடாகப் போவதில்லை என்பது தட்டி முடித்த பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. அவர் தட்டுவதை நிறுத்தவில்லை, கொஞ்சம் மெதுவாகத் தட்டினார்.

சில நாள் கழித்து சிஸ்டர் நாற்காலியோடு வந்தாள், இரண்டு ஆட்கள் தூக்கி வந்தார்கள். அதன் குட்டைக்காலில் தடியாக ஒரு ரப்பர் மாட்டியிருந்தது.

"ரப்பர் மாட்டாம வெளிய விட மாட்டேன்னுட்டாங்க ஐயா" என்றாள்.

"பரவால்லம்மா. உட்காருங்க."

அவள் உட்கார்ந்தாள். முன்னால் சாய்ந்தாள். சத்தம் வரவில்லை. அவள் இன்னொரு முறை சாய்ந்து பார்த்தாள். அப்போதும் வரவில்லை. அவர் தேநீர் வைக்கத் திரும்பியபோது அவள் போன் அடித்தது. இரண்டு முறை "வரேன் சார்" என்றாள், மூன்றாம் முறை எழுந்துவிட்டாள்.

"நேரம் கிடைக்கறப்ப வந்து பாக்கறேங்க ஐயா."

"மேல போறீங்கம்மா. நல்லா இருங்க."

அவள் படியிறங்கும் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. அவர் கதவைச் சாத்தினார். பச்சை ஒட்டி கதவில் பளபளவென்று இருந்தது. வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்டியிட்டார். ரப்பர் லேசில் வரவில்லை. நல்ல கையால் திருகித் திருகிப் பிடுங்கி எடுத்து, சன்னல் விளிம்பில் வைத்தார். குட்டைக்காலைப் பழைய குழியில் பொருத்தமாக நிறுத்தினார்.

பிறகு எதிரே தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, காலை நீட்டி, பெருவிரலால் நாற்காலியை லேசாகத் தள்ளினார்.

டக்.

"ம், அப்புறம்?" என்றார்.